புழங்காத பொன்: விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் தங்க நினைவு நாணயங்கள்

1960 ஆகஸ்ட் 17-இல் பிரான்ஸின் ஆட்சியிலிருந்து விடுபட்ட காபோன், அந்த ஆண்டைப் பொறித்த நான்கு தங்க நாணயங்களைத் தன் பெயரில் வெளியிட்டது. அவற்றில் நாட்டுத் தலைவர் லியோன் எம்பாவின் உருவம் இருந்தது. 10, 25, 50, 100 பிராங்க் என ஏறும் அந்த வரிசையில் மிகச் சிறியதன் எடை 3.2 கிராம், 25 பிராங்க் நாணயம் 8 கிராம், அதாவது நம் நகைக்கடைக் கணக்கில் ஒரு சவரன். பொன்னின் தூய்மை ஆயிரத்துக்கு 900; 22 காரட்டுக்குச் சற்றுக் குறைவு.

இந்த நாணயத்தை வாங்குபவர்கள் பெரும்பாலும் உருவத்தைப் பார்க்கிறார்கள், ஆண்டைப் பார்க்கிறார்கள், எடையைக் கேட்கிறார்கள். பொறித்திருக்கும் எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்த நாணயங்கள் யாருக்காக, எதற்காக வார்க்கப்பட்டன என்பதை மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொல்வது அந்த எண்தான். காபோனில் அன்று புழங்கிய பணம், பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்கென உருவாக்கிய சி.எஃப்.ஏ. பிராங்க். 100 சி.எஃப்.ஏ. பிராங்குக்கு 2 புதிய பிரெஞ்சு பிராங்க். ஒரு புதிய பிரெஞ்சு பிராங்குக்கு 0.18 கிராம் தூய பொன் என்பது அன்றைய அதிகாரபூர்வ ஈடு. அப்படியானால் ஒரு சி.எஃப்.ஏ. பிராங்கின் பொன் மதிப்பு 0.0036 கிராம். 10 பிராங்க் என்று எழுதிய காபோன் நாணயத்திலோ 2.88 கிராம் தூய பொன் இருந்தது. அதாவது 800 பிராங்க் பெறும் பொன்னின் மீது 10 பிராங்க் என்று பொறித்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தலைநகர் லிப்ரவில் சந்தைக்குப் போய் 10 பிராங்குக்குச் சாமான் வாங்கக்கூடியவர் எவரும் இருந்திருக்க முடியாது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1803-க்குப் போக வேண்டியிருக்கிறது. நெப்போலியன் ஆட்சியில் வகுக்கப்பட்ட பழைய பிரெஞ்சு பிராங்கில் 0.29 கிராம் தூய பொன் உண்டு; அந்த அளவில் வார்த்த 10 பிராங்க் நாணயம் 3.22 கிராம், 100 பிராங்க் நாணயம் 32.25 கிராம். 1865-இல் அமைந்த லத்தீன் நாணய ஒன்றியத்தின் வழியாக இந்த எடைகள் பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, இத்தாலி எங்கும் பழகிப்போயின. முதல் உலகப் போரோடு அந்த ஏற்பாடு உயிரிழந்தது. காபோனின் நாணயங்கள் 3.2, 8, 16, 32 கிராம் என்று அந்தப் பழைய அளவுகளை ஏறத்தாழ அப்படியே பின்பற்றின. ஆக, அவற்றில் எழுதியிருந்த பிராங்க் காபோன் மக்களின் பிராங்க் கிடையாது. ஐரோப்பியச் சேமிப்பாளர்களின் தாத்தாக்கள் பெட்டியில் பூட்டிவைத்திருந்த பிராங்க். 1962 ஜூலை 1-இல் விடுதலை பெற்ற புருண்டி, மன்னர் நான்காம் ம்வாம்புட்சாவின் உருவத்தோடு வெளியிட்ட நாணயங்களுக்கும், 1966-இல் ஐவரி கோஸ்ட் தன் குடியரசுத் தலைவர் ஹூஃபுவே புவாஞியின் உருவத்தோடு வெளியிட்ட நாணயங்களுக்கும், விடுதலையின் எட்டாம் ஆண்டு நிறைவு என்ற வினோதமான காரணம் சொல்லி 1968-இல் செனகல் வெளியிட்ட நாணயங்களுக்கும் இதே படிக்கல்தான். பத்தாம் ஆண்டு வரை காத்திருக்க முடியாத அவசரம் செனகல் மக்களுக்கு இருந்திருக்காது, விற்பவர்களுக்கு இருந்திருக்கலாம்.

இருந்தாலும் இதை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியாது. சி.எஃப்.ஏ. பிராங்கைப் புழங்கிய நாடுகளின் நிலைமை சிக்கலானது. 1945 டிசம்பரில் உருவாக்கப்பட்ட சி.எஃப்.ஏ. பிராங்க், விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் பணம் வெளியிடும் உரிமை பல நாடுகளுக்கும் பொதுவான ஒரு மத்திய வங்கியிடம் இருந்தது. மதிப்புக்கு உத்தரவாதம் பிரெஞ்சுக் கருவூலம். சில்லறை நாணயங்களை அடித்தது பாரிஸ் நாணயச்சாலை. கொடி, தேசிய கீதம், ஐக்கிய நாடுகள் அவையில் இருக்கை என எல்லாம் கிடைத்த ஒரு குடியரசுத் தலைவருக்கு, தன் நாட்டின் பெயரும் தன் முகமும் தாங்கிய ஒரு காசைக் குடிமக்கள் கையில் கொடுக்கும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. அந்த மத்திய வங்கி 1961-இல் வெளியிட்ட ஒரு பிராங்க் காசில், அசாந்தி மக்கள் பொற்பொடியை நிறுக்கப் பயன்படுத்திய ஓர் எடைக்கல்லின் உருவம் இருக்கிறது. பொன்னை நிறுத்த கல்லின் படம் மலிவான உலோகத்தில் சட்டைப்பைக்குள் புழங்க, பொன் மட்டும் வெல்வெட் பெட்டியில் ஐரோப்பாவுக்குப் போனது. தங்க நினைவு நாணயம் என்பது, உண்மையான பணத்தை வெளியிட முடியாத அரசு தன் இறையாண்மையைக் காட்டிக்கொள்ளக் கிடைத்த ஒரே உலோகப் பரப்பு என்பதை மறந்துவிட்டால் இந்தத் தொடர்களின் பாதிக் கதை விளங்காது.

பிரிட்டன் ஆண்ட பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே புதிய அரசுகள் தம் சொந்த மத்திய வங்கியையும் சொந்தப் பணத்தையும் ஓரளவு விரைவாக அமைத்துக்கொண்டன. 1957 மார்ச் 6-இல் விடுதலை பெற்ற கானா, 1958-இலேயே தன் தலைவர் குவாமே என்க்ருமாவின் உருவத்தைப் புழக்க நாணயங்களில் பொறித்தது. சுற்றிலும் லத்தீன் மொழியில் 'கானா அரசின் நிறுவனர்' என்ற வாசகம். பிரிட்டன் அரசியின் தலையை நாணயத்திலிருந்து ஏன் எடுத்தோம் என்று என்க்ருமா ஒரு பிரிட்டன் நாளிதழில் விளக்கமும் எழுதினார்: தன் மக்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தாங்கள் விடுதலை பெற்றுவிட்டோம் என்பதை அவர்கள் அடையாளங்களால்தான் உணர முடியும் என்பது அவர் வாதம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பொறித்த காசில் லத்தீன் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அரசியின் நாணயங்களில் லத்தீன் இருந்தது, ஆகவே இதிலும் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. எதிர்க்கட்சியினர் கேட்ட கேள்வி வேறு: உயிரோடிருக்கும் ஓர் அரசியல்வாதியின் தலை நாணயத்தில் எதற்கு?

1960 ஜூலை 1-இல் கானா குடியரசானபோது தங்கத்திலும் ஒரு நாணயம் வந்தது. பட்டியல்களில் இரண்டு பவுண்டு என்று குறிக்கப்படும் அதன் எடை ஏறத்தாழ 15.98 கிராம், 22 காரட். பிரிட்டனின் இரட்டைச் சவரனுக்கு அச்சாக ஒத்துப்போகும் அளவு. கோல்ட் கோஸ்ட் என்றே ஆங்கிலேயர் பெயரிட்டு அழைத்த மண் இது. இங்கு வாழும் அக்கான் மக்கள் நூற்றாண்டுகளாகப் பொற்பொடியையே பணமாகப் புழங்கிவந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேற்ற ஆட்சி அதைப் பணமாக ஏற்பதை நிறுத்தியது. இங்கிலாந்தில் 1663-இல் அடிக்கத் தொடங்கிய 'கினி' நாணயத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்தக் கடற்கரைப் பொன்தான். அப்படிப்பட்ட இடத்தில், குடியரசின் முதல் பொற்காசு பிரிட்டனின் இரட்டைச் சவரன் எடையில் வார்க்கப்பட்டது. சவரன் என்ற சொல்லையே எடையளவாக்கிக்கொண்ட தமிழர்களுக்கு இதில் வியப்பு அதிகம் இருக்காது: பேரரசின் நாணயம் போன பிறகும் அதன் எடை தங்கிவிடுவதை நாம் ஒவ்வொரு கல்யாணப் பேச்சிலும் கேட்கிறோம்.

தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் கதை இன்னும் விசித்திரமாகிறது. 1966 செப்டம்பர் 30-இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானா, அந்த ஆண்டே முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் உருவத்தோடு 10 தெபே என்று பொறித்த ஒரு தங்க நாணயத்தை வெளியிட்டது; எடை ஏறத்தாழ 11.3 கிராம். தெபே என்றால் ட்ஸ்வானா மொழியில் கேடயம். ஆனால் அப்போது தெபே என்று ஒரு பணம் உலகில் எங்குமே இல்லை. போட்ஸ்வானாவில் புழங்கியது தென்னாப்பிரிக்காவின் ராண்ட். அது மேலும் பத்தாண்டுகள் புழங்கியது. 1976 ஆகஸ்டில் பூலா என்ற சொந்தப் பணம் வந்தபோதுதான் தெபே உயிர் பெற்றது, அதுவும் பூலாவில் நூற்றில் ஒரு பங்காக. ஒன்றரைச் சவரனுக்கு நெருக்கமான பொன்னில் அச்சிட்ட அதே '10 தெபே', பத்தாண்டு கழித்துச் சில்லறைக் காசின் பெயராயிற்று.

போட்ஸ்வானாவுக்கு நான்கு நாள் பின்னால், 1966 அக்டோபர் 4-இல் விடுதலை பெற்ற லெசோத்தோ 1, 2, 4 மலோட்டி என்று மூன்று தங்க நாணயங்களை வெளியிட்டது. எடைகள் அரைச் சவரன், ஒரு சவரன், இரண்டு சவரன். அந்த நாட்டில் மலோட்டி புழக்கத்துக்கு வந்தது 1980-இல். சுவாசிலாந்து 1968-இல் மன்னர் இரண்டாம் சோபூசாவின் உருவத்தோடு வெளியிட்ட ஒரு லிலாங்கேனி தங்க நாணயம் 33.93 கிராம், 22 காரட். அதற்கு முந்தைய ஆண்டு தென்னாப்பிரிக்கா வெளியிடத் தொடங்கிய குரூகர்ராண்டின் அதே எடை, அதே மாற்று, ஒரு டிராய் அவுன்ஸ் (31.1 கிராம்) தூய பொன். லிலாங்கேனி பணமாக வந்தது 1974-இல். மூன்று நாடுகளும் தென்னாப்பிரிக்காவின் பொருளாதாரப் பிடிக்குள் சிக்கியிருந்தவை; நிறவெறி அரசின் ராண்டைத்தான் சம்பளமாகவும் வரியாகவும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வருங்காலத்தில் எங்களுக்கென்று ஒரு பணம் இருக்கும், அதன் பெயர் இது என்று அறிவிக்கும் ஒரு பத்திரமாக இந்தப் பொற்காசுகளைப் படிக்கலாம். இந்த வகை நாணயங்கள்மீது எனக்கு மற்றவற்றைவிட மதிப்பு அதிகம். அவற்றின் முகமதிப்பும், அதாவது பொறித்த எண்ணும், கற்பனைதான், ஆனால் பின்னால் மெய்யான கற்பனை.

மெய்யாகாமலே போன கற்பனைகளும் உண்டு. 1960 ஜூலை 11-இல், காங்கோ விடுதலை பெற்ற பதினோராம் நாள், மொய்ஸ் ஷோம்பே தலைமையில் கட்டங்கா மாகாணம் தனிநாடாகப் பிரிந்ததாக அறிவித்துக்கொண்டது. செம்புச் சுரங்கங்களும், அவற்றை நடத்திய பெல்ஜியச் சுரங்க நிறுவனமும் அந்தப் பிரிவினையின் பின்புலம். எந்த நாடும் கட்டங்காவை முறைப்படி அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் அது 1961-இல் பணம் வெளியிட்டது: 1 பிராங்க், 5 பிராங்க் வெண்கலக் காசுகள், ஒரு பக்கம் வாழைக் குலை, மறுபக்கம் அந்தப் பகுதியில் செம்பை வார்த்து முற்காலத்தில் பணமாகப் புழங்கிய சிலுவை வடிவக் கட்டி. அதே 5 பிராங்க் அச்சைக் கொண்டு தங்கத்திலும் அடித்தார்கள், 13.33 கிராம் எடையில். வெண்கலத்தில் அடித்தாலும் 5 பிராங்க், தங்கத்தில் அடித்தாலும் 5 பிராங்க். தங்கத்தின் அதிகாரபூர்வ மதிப்பு முகமதிப்பைப்போல நூறு மடங்குக்கும் மேல். 1963 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் படை பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவந்தது.

நைஜீரியாவிலிருந்து 1967 மே 30-இல் பிரிந்த பயாஃப்ரா, போரின் நடுவில், லட்சக்கணக்கானோர் பட்டினியில் மாண்டுகொண்டிருந்த 1969-இல், விடுதலையின் இரண்டாம் ஆண்டு நிறைவென்று 1, 2, 5, 10, 25 பவுண்டு தங்க நாணயங்களை வெளியிட்டது. பெரியதன் எடை 79.88 கிராம்: சரியாகப் பத்து பிரிட்டன் சவரன். 1970 ஜனவரி 15-இல் பயாஃப்ரா சரணடைந்தது. முற்றுகையில் கிடந்த அந்த நாட்டின் எந்தக் கிராமத்திலும் இந்தப் பொன்னைக் கண்டவர் இருந்திருக்க வாய்ப்பில்லை. உலகம் ஏற்காத ஒரு நாட்டுக்கு நாணயம் என்பது ஒரு வகைச் சாட்சியம். 'நாங்கள் இருந்தோம்' என்று சொல்லும் உலோகம். அந்த வகையில் சேகரிப்பாளர்கள் இன்றும் இவற்றைத் தேடுகிறார்கள்.

1960-களின் கடைசி ஆண்டுகளில் இந்தத் தொழிலின் போக்கு மாறியது. பல நாடுகளுக்கு விடுதலையின் பத்தாம் ஆண்டு நெருங்கியது. அதே நேரத்தில் தங்கத்தின் மீதான உலகப் பார்வையும் மாறிக்கொண்டிருந்தது. 1934 முதல் ஓர் அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டிவைத்திருந்த விலையை, 1968 மார்ச்சில் தனியார் சந்தையில் கைவிட வேண்டியதாயிற்று. காகிதப் பணத்தின் மீது ஐயம் கொண்ட மேற்கு ஐரோப்பியச் சேமிப்பாளர் பொன்னைத் தேடினார். அமெரிக்கருக்கு 1933 முதல் 1974 இறுதிவரை தங்கக் கட்டி வைத்திருக்கத் தடை. பிரிட்டனில் 1966 முதல் சில ஆண்டுகள், 1837-க்குப் பிந்தைய தங்க நாணயங்களை நான்குக்கு மேல் வைத்திருக்க அனுமதி தேவைப்பட்டது. (இந்தியாவில் 1963-இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, புதிய நகைகளைக்கூட 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்று தட்டார்களின் பிழைப்பைக் கெடுத்த காலமும் இதுதான்.) ஒரு பதக்கத்துக்கும் ஒரு நாணயத்துக்கும் உலோகத்தில் வேறுபாடு இல்லை, ஓர் அரசின் பெயரும் ஒரு முகமதிப்பும் பொறித்தால் பதக்கம் நாணயமாகிவிடும். தடைகள் நிறைந்த அந்த உலகில் அந்த இரண்டு வரிகளுக்கு விலை இருந்தது. அவற்றைக் கொடுக்கப் புதிய நாடுகள் இருந்தன. அச்சடிக்க ஐரோப்பியத் தனியார் பட்டறைகள் இருந்தன. 1969, 1970 ஆண்டுகளின் ஆப்பிரிக்கத் தொடர்களுள் பல, நகைத் தொழிலுக்குப் பேர்போன இத்தாலியின் அரேட்ஸோ நகரத்தில் உருவானவை.

இந்தக் காலத்து நாணயங்களில் எந்த உருவங்கள் இடம்பெற்றன என்று பார்த்தாலே வாங்குபவர் யாரென்று தெரிந்துவிடும். 1958-இல் பிரான்ஸின் உறவே வேண்டாம் என்று வாக்களித்து வெளியேறிய ஒரே மேற்கு ஆப்பிரிக்க நாடான கினி, பத்தாம் ஆண்டு நிறைவுத் தொடரில் தன் குடியரசுத் தலைவர் செகு துரேயின் முகத்தோடு கென்னடி சகோதரர்களையும், நிலவில் இறங்கிய அமெரிக்கக் கலத்தையும், சோவியத்தின் சோயூஸ் விண்கலத்தையும், மியூனிக் ஒலிம்பிக்கையும் பொறித்தது. அடுத்து டுட்டன்காமுன், நெஃபர்டிட்டி என எகிப்தியரும் வந்தார்கள். 1968 அக்டோபரில் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற எக்குவடோரியல் கினி அதையும் மிஞ்சியது. அதன் 1970 தொடரில் ஸ்பானிய ஓவியர் கோயா தீட்டிய ஆடையில்லாத பெண், உலகக் கால்பந்துக் கோப்பை, இத்தாலியின் தலைநகராக ரோம் ஆன நூற்றாண்டு, போப் இருபத்து மூன்றாம் ஜான், லிங்கன், லெனின், மகாத்மா காந்தி. லெனினும் போப்பும் ஒரே எடையில், ஒரே 500 பெசெட்டா மதிப்பில் சமமாக நின்றார்கள். காந்தி பிறந்த நூற்றாண்டுக்கு இந்திய அரசு 10 ரூபாய் வெள்ளி நாணயம்தான் வெளியிட்டது. எளிமையே உருவானவரின் முகத்தை 7.05 கிராம் தங்கத்தில் வார்த்த பெருமை எக்குவடோரியல் கினியின் தலைவர் பிரான்சிஸ்கோ மசியாஸ் என்கேமாவின் அரசுக்குச் சேர்ந்தது. தொடரின் மிகப் பெரிய நாணயமான 5,000 பெசெட்டா மசியாஸுக்கே உரியது. தன் மக்களைக் கொன்று குவித்த அவர் 1979-இல் பதவி கவிழ்க்கப்பட்டுத் தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்கவைப்பது சாட் நாட்டின் 1970 தொடர். விடுதலையின் பத்தாம் ஆண்டைக் கொண்டாட ஐந்து தங்க நாணயங்கள். 1,000 பிராங்கில் கமாண்டன்ட் லாமி. 1900-இல் அந்த மண்ணைப் பிரான்ஸுக்காகக் கைப்பற்றும்போது குசேரிப் போரில் இறந்த படைத்தலைவர். 3,000 பிராங்கில் ஃபெலிக்ஸ் எபுவே. பிரெஞ்சு கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர், சாட்டின் ஆளுநராக இருந்து 1940 ஆகஸ்டில், ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்தபின்னும் போரைத் தொடர்ந்த டி கோல் பக்கம் நின்றவர். 5,000 பிராங்கில், சாட்டிலிருந்து படை நடத்திச் சென்று 1941-இல் லிபியாவின் குஃப்ராவைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லெக்லேர். 10,000 பிராங்கில் டி கோல். இவ்வளவு பேருக்கும் பிறகு 20,000 பிராங்கில் குடியரசுத் தலைவர் பிரான்சுவா டொம்பல்பாய். விடுதலை விழா நாணயங்களில் நான்கு பேர் குடியேற்ற ஆட்சியின் ஆட்கள். அதற்கு அன்றைய நிலைமையில் காரணம் இருந்தது: வடக்கில் கிளர்ச்சி மூண்டு, 1969 முதல் பிரெஞ்சுப் படைகள் டொம்பல்பாயின் ஆட்சியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றே ஆண்டில் காற்று திசை மாறியது. 1973-இல் தன் தலைநகரின் பெயரை ஃபோர்ட் லாமியிலிருந்து என்ஜமீனா என்று மாற்றியவரும், தன் கிறித்தவப் பெயரைத் துறந்து என்கார்ட்டா என்று சூட்டிக்கொண்டவரும் இதே டொம்பல்பாய்தான். நகரத்திலிருந்து லாமியின் பெயரை அழிக்க ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. ஐரோப்பியப் பெட்டகங்களில் கிடந்த நாணயத்திலிருந்து அழிக்க வழியில்லை. 1975 ஏப்ரலில் ராணுவப் புரட்சியில் டொம்பல்பாய் கொல்லப்பட்டார்.

இந்தக் கட்டத்தில் மீண்டும் எண்ணுக்கு வரவேண்டும், ஏனென்றால் முகங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகிய அதே தொடர்களில் முகமதிப்பு மட்டும் வியக்கத்தக்க துல்லியத்தை அடைந்தது. கினியின் 1,000 பிராங்க் நாணயம் 4 கிராம். 900 மாற்றில் 3.6 கிராம் தூய பொன்; கினி பிராங்கின் அதிகாரபூர்வ ஈடு 0.0036 கிராம். கணக்கு மயிரிழை பிசகவில்லை. எக்குவடோரியல் கினியின் 5,000 பெசெட்டா 70.52 கிராம்; தூய பொன் 63.47 கிராம், ஒரு டாலருக்கு 70 பெசெட்டா என்ற அன்றைய வீதத்தில் அதன் விலை 5,000 பெசெட்டாவேதான். ஆப்பிரிக்க மண்ணில் கால் வைத்த முதல் பதவிக்காலப் போப்பான ஆறாம் பால், 1969-இல் உகாண்டா வந்ததை ஒட்டி வெளியான 1,000 ஷில்லிங் நாணயம் 138.24 கிராம் எடையுள்ள ஒரு சிறு தட்டு. அதில் தூய பொன் சரியாக நான்கு அவுன்ஸ், அதாவது 140 டாலர், அதாவது 1,000 ஷில்லிங். சோமாலியா இதை 1965-இலேயே ஏறத்தாழச் செய்திருந்தது: விடுதலையின் ஐந்தாம் ஆண்டுக்கு வெளியான 500 ஷில்லிங்கில் 63 கிராம் தூய பொன், அதிகாரபூர்வ ஈட்டின்படி 62.2 கிராம் இருந்தால் போதும். காபோனும் காமரூனும் சாட்டும் 1969, 1970-இல் வெளியிட்ட 1,000 பிராங்க் நாணயங்களில் 3.15 கிராம் தூய பொன். 1969 ஆகஸ்டில் பிரெஞ்சு பிராங்கின் மதிப்பைக் குறைத்த பிறகு 1,000 சி.எஃப்.ஏ. பிராங்கின் ஈடு 3.2 கிராம். 1960-இல் 800 பிராங்க் பொன்னுக்கு 10 பிராங்க் என்று எழுதிய காபோன், ஒன்பதே ஆண்டில் எண்ணையும் உலோகத்தையும் ஏறத்தாழச் சமமாக்கிவிட்டது.

முகமதிப்பும் உலோக மதிப்பும் ஒத்துப்போனால் அதன் பொருள் என்ன? இது பணம்தான், பதக்கம் இல்லை என்று எந்தச் சுங்க அதிகாரியிடமும் எந்தச் சேகரிப்பாளரிடமும் சாதிக்கலாம். அதே நேரத்தில், யாராவது அதை வெளியிட்ட நாட்டின் வங்கிக்குக் கொண்டுபோய் மாற்றித் தரச் சொன்னாலும் அரசுக்கு நட்டமில்லை. எதிர்த்திசையில் சென்ற ஒரு விதிவிலக்கு கென்யா. அதன் தலைவர் ஜோமோ கென்யாட்டாவின் 75-ஆம் பிறந்த நாளுக்காக 1966-இல் வெளியான 100 ஷில்லிங் நாணயம் 7.6 கிராம், 22 காரட்; தூய பொன் 7 கிராம்கூட இல்லை. 100 ஷில்லிங்குக்கு ஈடோ 12.44 கிராம். 250, 500 ஷில்லிங் நாணயங்களும் அதே விகிதத்தில் இலேசானவை. உலோகத்தைவிடப் பெரிய எண்ணை எழுதி, அந்த எண்ணுக்குத் தன் புதிய மத்திய வங்கி பொறுப்பு என்று சொல்லும் துணிவு இந்த வரிசையில் கென்யாவிடம்தான் தெரிகிறது. (கென்யாட்டா பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாது என்பதால், 75 என்ற எண்ணிலும் கொஞ்சம் துணிவு உண்டு.) பணம் என்பது பொன்னா, வெளியிடுபவரின் வாக்கா என்ற பழைய கேள்விக்கு, இந்தத் தொடர்களுள் வாக்கு என்று பதில் சொன்ன நாணயம் அது.

1971 ஆகஸ்ட் 15-இல் டாலருக்குப் பொன் தரமாட்டோம் என்று அமெரிக்கா அறிவித்ததும் இந்தத் துல்லியம் முழுவதும் பொருளற்றுப் போனது. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது உகாண்டாவின் 1,000 ஷில்லிங் நாணயத்தில் 3,400 டாலர் பொன் இருந்தது. ஷில்லிங் எதிர்த்திசையில் ஓடியது: 1987-இல் 100 பழைய ஷில்லிங்கை ஒரு புதிய ஷில்லிங்காக்கினார்கள். போப்பின் முகம் தாங்கிய நான்கு அவுன்ஸ் பொன், எண்ணின்படி, 10 ஷில்லிங் ஆயிற்று.

முகங்களும் நிலைக்கவில்லை. காங்கோ விடுதலையின் ஐந்தாம் ஆண்டு நாணயங்களில் 1965-இல் இடம்பெற்ற குடியரசுத் தலைவர் கசவூபுவை அதே ஆண்டு நவம்பரில் படைத்தலைவர் மொபுட்டு வீழ்த்தினார். புருண்டியில் 1966-இல் மன்னராட்சியே போனது. அடுத்த ஆண்டு அதே மதிப்புகளில் புதிய தலைவர் மிக்கொம்பெரோவின் தலை வந்தது. மாலியின் 1967 தங்க நாணயங்களில் இருந்த குடியரசுத் தலைவர் மொதிபோ கெய்ட்டா 1968 நவம்பரில் சிறைக்குப் போனார். என்க்ருமாவின் சிலையை 1966 பிப்ரவரியில் அக்ராவில் கவிழ்த்தார்கள். அடுத்த ஆண்டு புழக்க நாணயங்களிலிருந்தும் அவர் முகம் நீங்கியது. தேர்தலில் தோற்று, முடிவை ஏற்று அமைதியாக வீட்டுக்குப் போன சோமாலியாவின் குடியரசுத் தலைவர் ஆதன் அப்துல்லா உஸ்மான் இந்தக் கூட்டத்தில் தனியே தெரிகிறார்.

அந்தச் சோமாலியாவின் பெயர் இன்றும் பொன்னிலும் வெள்ளியிலும் பொறிக்கப்படுகிறது. மொகதிசுவில் செயல்படும் அரசென்று ஒன்று இருந்ததாகவே சொல்லமுடியாத 2004-இல், ஜெர்மனியின் பவேரிய நாணயச்சாலை சோமாலியாவின் பெயரில் யானை உருவ நாணயங்களை அடிக்கத் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் யானை புதிய கோலத்தில் வருகிறது, சேகரிப்பாளர்களும் வாங்குகிறார்கள். அவற்றில் ஓர் அவுன்ஸ் தங்க நாணயத்தின் முகமதிப்பு 1,000 ஷில்லிங். 1965-இல் ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் பொன்னுக்கு 500 ஷில்லிங் என்று எழுதியபோது அது விலை. இப்போது எழுதியிருக்கும் 1,000 ஷில்லிங்கில் ஒரு சாப்பாடு வாங்குவதே கடினம்.